சப்போரோ மணிக்கூண்டு

ஜப்பானின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோத் தீவின் தலைநகர் சப்போரோ. அந்நகருக்குச் செல்வோர் முதலிற் காண விரும்புவது அங்குள்ள மணிக்கூண்டையே. படங்களிற் கண்ட உருவத்தை நினைந்து தேடி நடந்து, அதன் எதிரே வந்து நிற்கும்போது பலருக்கு ஏமாற்றமே உண்டாகிறது. நாற்புறமும் உயர்ந்த அலுவலக மாளிகைகள் சூழ்ந்திருக்க, வெண்ணிறச் சுவரும் செந்நிறக் கூரையும் கொண்ட சிறிய மரக்கட்டடம் ஒன்று நடுவே ஒடுங்கி நிற்கிறது. ‘காணச் சென்று ஏமாறும் புகழிடங்கள்’ என ஜப்பானியர் வேடிக்கையாகச் சொல்லும் வரிசையில் இதற்கும் ஓரிடம் உண்டு.

ஆயினும் வரலாற்றை உயரத்தால் அளத்தல் கூடாது. ஒரு நாட்டின் நேரத்தை யார் வகுத்தனர், யார் காத்தனர் என்னும் இரு வினாக்களுக்கும் இச்சிறு கட்டடம் விடை கூறுகிறது. அவ்விடையில் நமக்கும் பங்குண்டு என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஹொக்கைடோ என்னும் பெயர் 1869ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அங்கு வாழ்ந்தவர்கள் ஐனு மக்கள். சப்போரோ என்ற பெயரே ஐனு மொழியிலிருந்து வந்ததுதான். வடக்கே இரஷ்யா நெருங்கி வருவதைக் கண்டு அஞ்சிய மெய்ஜி அரசு, அத்தீவில் மக்களைக் குடியேற்றவும் நிலத்தைத் திருத்தவும் தனித் துறையொன்றை நிறுவியது. வந்தவர்களுக்கு வயலும் வாழ்வும் கிடைத்தன. ஐனு மக்களோ தம் வேட்டை நிலத்தையும் மீன்பிடிக்கும் ஆறுகளையும் இழந்தனர். ஜப்பானிய அரசு அவர்களைப் பழங்குடி மக்களெனச் சட்டத்தில் குறிப்பிட்டது 2019ஆம் ஆண்டிலேதான். மணிக்கூண்டின் அழகைப் பேசும்போது இதனையும் மறவாது சொல்லுதல் நேர்மையாகும்.

குடியேற்றத்திற்கு வேண்டிய அறிஞர்களை உருவாக்க 1876இல் சப்போரோ வேளாண்மைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் வேளாண்மைக் கல்லூரித் தலைவராயிருந்த வில்லியம் கிளார்க் அதனை நடத்த அழைக்கப்பட்டார். அவர் அங்குத் தங்கியது ஓராண்டுகூட இல்லை. ஆனால் அவர் இட்ட வித்து முளைத்தது. உடலுரத்திற்கும் படைப்பயிற்சிக்கும் உரிய மண்டபம் ஒன்று மாணவர்க்கு வேண்டுமென்பது அவர் கருத்து. அவருக்குப்பின் பொறுப்பேற்ற வில்லியம் வீலர் என்ற பொறியாளரின் திட்டப்படி 1878இல் அம்மண்டபம் எழுந்தது. இன்று மணிக்கூண்டு என வழங்குவது அதுவே. பிற்காலத்தில் ஜப்பானின் சிந்தனையுலகிற் புகழ்பெற்ற உச்சிமுரா கன்ஸோ, நிதோபே இனாஸோ ஆகியோர் அக்கல்லூரியின் தொடக்ககால மாணவர்கள்.

கட்டி முடித்தபோது கூரைமேல் இருந்தது சிறிய மணிமாடம் மட்டுமே; கடிகாரம் இல்லை. குடியேற்றத் துறைத் தலைவர் குரோடா கியோத்தாக்கா அங்குக் கடிகாரம் அமைய வேண்டுமென விரும்பினார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்த ஹாவர்டு நிறுவனம் செய்த கடிகாரம் கடல் கடந்து வந்தது. வந்தபின்னரே அது மணிமாடத்திற்கு அடங்காத பெரிய பொறி என்பது தெரிந்தது! ஆகவே மணிமாடத்தை நீக்கிப் புதிய கோபுரம் கட்டினர். 1881 ஆகஸ்டில் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

அக்கடிகாரம் ஒலித்த நாட்டிற்கு அவ்வகை நேரமே புதிது. முன்பெல்லாம் ஜப்பானியர் பகலை ஆறு கூறாகவும் இரவை ஆறு கூறாகவும் பகுத்தனர். கோடையில் பகற்கூறு நீளும், குளிர்காலத்தில் குறுகும். பருவத்தோடு மணியும் மாறியது. 1873 சனவரி முதல் நாளில் அரசு மேலைநாட்டு நாட்காட்டியையும், நாளொன்றுக்கு ஒரே அளவுள்ள 24 மணி என்னும் முறையையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1888 சனவரி முதல் நாளிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம் ஏற்பட்டது. கிழக்குத் தீர்க்கரேகை 135 பாகை அதன் அடிப்படை. சப்போரோ அந்த ரேகைக்கு ஏறத்தாழ 6 பாகை கிழக்கே உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் எனக் கணக்கிட்டால், அங்குச் சூரியன் உச்சிக்கு வந்து ஏறக்குறைய 25 நிமிடம் கழிந்த பின்னரே கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும். சூரியனைவிட அரசாணையே மேலோங்கியது. அவ்வாண்டிலேயே இக்கடிகாரம் நகரின் நேரத்திற்கு அளவுகோலாகவும் ஆயிற்று.

அந்த 135 பாகை நேரம் நம் நாட்டிற்கும் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தவுடன், அதன் கடிகாரங்கள் ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டுத் தோக்கியோ நேரத்தைக் காட்டின. காலை எட்டு மணியளவிற்றான் பொழுது விடிந்தது. உச்சிவேளை பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. 1945 வரை இந்நிலை நீடித்தது. சப்போரோவில் ஒரு நகரத்தை ஒழுங்குபடுத்திய அதே நேரம், இங்கே ஆட்சியின் கைவிலங்காய் மாறியது. கடிகாரத்தின் மேல் குற்றமில்லை. முள்ளைத் தள்ளும் கை யாருடையது என்பதே வினா. அப்போரின்போது சப்போரோ மணிக்கூண்டும் இராணுவத்தின் செய்தித்தொடர்புப் பிரிவு வசமாயிற்று.

இனி, அந்நேரத்தைக் காத்தவர் யார்? இக்கடிகாரத்தை இயக்குவது மின்சாரமன்று, எடைகளே. தொயோஹிரா ஆற்றின் கற்களை மரப்பெட்டிகளில் இட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவை மெல்லக் கீழிறங்கும்போது பற்சக்கரங்கள் சுழலும். ஊசல் அச்சுழற்சியை அளந்து விடும். வாரத்திற்கு இருமுறை ஒருவர் மேலேறிக் கையால் சுற்றி அவ்வெடைகளை உயர்த்த வேண்டும். மறந்தால் நகரின் மணி நின்றுவிடும். 1930களில் அப்படித்தான் கவனிப்பாரின்றிப் பொறி நின்று கிடந்தது. அதைக் கண்டு மனம் பொறாத உள்ளூர்க் கடிகாரக் கடைக்காரர் ஒருவர், யாரும் ஏவாமலே அதனைப் பழுதுபார்க்கத் தொடங்கினார். பல்லாண்டுகள் அதனைப் பேணினார். அவருக்குப்பின் அவர் மகன் அப்பணியைத் தொடர்ந்தார்.

1903இல் கல்லூரி வேறிடம் பெயர்ந்தபின் கட்டடம் நகரத்தார் கைக்கு வந்தது. சாலை அமைப்பிற்காக 1906இல் சுமார் நூறு மீட்டர் தெற்கே நகர்த்தப்பட்டது. பிறகு நூலகமாக நெடுங்காலம் பயன்பட்டது. 1970இல் நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. படைப்பயிற்சிக்கென எழுந்த மண்டபத்தில் இன்று நகரின் வரலாறு காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

ஆகவே, அங்குச் செல்லும் நம்மவர் படம் எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடாமல், மணி அடிக்கும் வரை சற்று நிற்பாராக. அவ்வொலியில் ஐனு மக்களின் இழப்பும், ஓர் அரசின் ஆணையும், 1942இல் இங்கே மாற்றப்பட்ட காலைப்பொழுதும் கலந்துள்ளன. அவற்றோடு, எவரும் கேளாமலே படியேறிச் சென்று எடையை உயர்த்திய ஒரு தொழிலாளியின் உழைப்பும் உண்டு. நேரத்தை வகுத்த அமைச்சர்களின் பெயர்கள் பாடநூல்களில் இருக்கின்றன. அதை நின்றுவிடாமல் ஓட்டியவரைப் பற்றி மாணவர்க்கு எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை.