ஒலிப்பெட்டிகளின் கதை – 7: அடைபட்ட காற்று

சென்ற வாரம் அமெரிக்காவின் அர்கன்ஸாஸ் மாநிலத்தில், ஹோப் என்ற சிற்றூரில், பால் கிளிப்ஷ் செய்த பூதத்தைப் பார்த்தோம். கிளிப்ஷ்ஹார்ன் என்ற கொம்பு ஸ்பீக்கர். நாலடிக்கு மேல் உயரம். அறையின் மூலையில் நிறுத்திவிட்டால் இரண்டு பக்கச் சுவர்களும் அந்தக் கொம்பின் நீட்சியாகிவிடும். ஓரிரு வாட்ஸ் கொடுத்தாலே வீடு நிறையும். 1950-களின் தொடக்கத்தில் வீட்டில் நல்ல ஸ்பீக்கர் வைக்க ஆசைப்பட்டவர் முதலில் யோசித்தது பணத்தை அல்ல, இடத்தை. கீழ் ஸ்தாயி கேட்க வேண்டுமா, பெட்டி பெரிதாகத்தான் இருக்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் பொறியாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

நம்பாத ஒருவர் நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் இருந்தார். (1969-இல் நடந்த இசைவிழாவால் உலகம் முழுக்கத் தெரிந்த அதே பெயர்தான். விழா நடந்தது வேறு ஊரில்.)

எட்கர் வில்ச்சர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்ல. நியூயார்க் சிட்டி காலேஜில் அவர் படித்தது கலை வரலாறு. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்தபோதுதான் எலெக்ட்ரானிக்ஸ் கைக்கு வந்தது. போர் முடிந்ததும் கிரீனிச் வில்லேஜில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். ஒலித்துறைப் பத்திரிகைகளில் கட்டுரை எழுதினார். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு, ஒலிபெருக்கம் பற்றி மாலை வகுப்பு எடுத்தார். ஓவியமும் சிற்பமும் படித்த ஒருவர், பொறியாளர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொருளில் அவர்கள் பார்க்காததைப் பார்த்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அவர் பார்த்தது இதுதான். ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அசைந்த கோன் மறுபடி தன் இடத்துக்கு வர வேண்டும். அந்த வேலையைச் செய்பவை இரண்டு: விளிம்பைச் சுற்றியுள்ள சரவுண்ட், நடுவில் சுருளைப் பிடித்திருக்கும் ஸ்பைடர். இரண்டும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங். சிறிய அசைவுக்கு அது ஒழுங்காக நடந்துகொள்ளும். கீழ் ஸ்தாயியில் கோன் வெகுதூரம் போய் வர வேண்டியிருக்கும்போதுதான் சிக்கல். இழுக்க இழுக்க விறைத்துக்கொள்ளும். நாதம் கலங்கும். அந்தக் காலத்து ஸ்பீக்கர்களில் பேஸ் முழங்கியது, ஆனால் எந்தச் சுரம் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை என்றால், காரணங்களில் முக்கியமானது இந்த ஸ்பிரிங்தான்.

வில்ச்சர் அந்த ஸ்பிரிங்கையே பெரும்பாலும் எடுத்துவிட்டார். கோனைத் தொளதொளவென்று, தன்னைத்தானே தாங்கிக்கொள்ள மட்டும் முடிகிற அளவில் விட்டார். அப்படியானால் அதைத் திருப்பி இழுப்பது யார்? காற்று. சைக்கிள் பம்ப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். உலோகத்தையும் துணியையும்விடச் சீரான ஸ்பிரிங். அது நன்றாக வேலை செய்யப் பெட்டி காற்றுப் புகாமல் அடைத்திருக்க வேண்டும். அதைவிட ஆச்சரியம், பெட்டி சிறிதாக இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் காற்று ஸ்பிரிங் தளர்ந்துவிடும். பத்தாண்டுகளாக எல்லோரும் குறை என்று ஒதுக்கிய சிறிய பெட்டியே இப்போது தேவையாகிவிட்டது.

யோசனை தாளில் இருந்தது. செய்து பார்க்க வேண்டுமே? ஒரு பழைய 12 அங்குல வூஃபரின் (கீழ் ஸ்தாயி ஸ்பீக்கரின்) சரவுண்டை அறுத்து எடுத்தார். புதியது எதைக்கொண்டு செய்வது? கைகொடுத்தவர் மனைவி ரோஸ்மேரி. போர்க்காலத்தில் வரைபடக் கலைஞராக வேலை பார்த்தவர். மெத்தை உறைத் துணியை எடுத்து, அளவு வரைந்து, வெட்டி, புது விளிம்பு செய்து கொடுத்தார். வீட்டு ஸ்பீக்கரின் வரலாற்றையே திருப்பிய ஒரு கருவியின் முதல் உதிரிப்பாகம் மெத்தைத் துணி!

சத்தம் வந்தது. ஆர்கன் இசையின் அடி ஆழம் வந்தது, ஒருவர் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு பெட்டியிலிருந்து.

வில்ச்சர் இதைச் சில கம்பெனிகளுக்கு விற்கப் போனார். யாரும் வாங்கவில்லை. அப்படி ஒன்று சாத்தியம் என்றே அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

அவருடைய மாலை வகுப்பில் ஒரு ராணுவ இளைஞன் உட்கார்ந்திருந்தான். பெயர் ஹென்றி கிளாஸ். பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1929-இல் பிறந்தவன். எம்.ஐ.டி.-யில் படித்துக்கொண்டே, மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் ஒரு மாடியறையில் ஸ்பீக்கர் பெட்டிகள் அறுத்து ஒட்டி விற்றவன். கட்டாய ராணுவச் சேவைக்காக நியூஜெர்சிக்கு வந்திருந்தான். வாத்தியார் வகுப்பில் தன் யோசனையை வாய்தவறி கோடி காட்டினாரோ, வேண்டுமென்றே சொன்னாரோ, கிளாஸ் பிடித்துக்கொண்டான். வுட்ஸ்டாக் வரை போனான். அந்தப் பெட்டியில் ஆர்கன் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டான். அதற்குமேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வாத்தியாரிடம் காப்புரிமை விண்ணப்பம் இருந்தது. மாணவனிடம் பட்டறை இருந்தது.

1954-இல் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச், சுருக்கமாக ஏ.ஆர்., பிறந்தது. பணமும் உழைப்பும் போட கிளாஸின் இரண்டு கூட்டாளிகள் வந்தார்கள்: மால்கம் லோ, அன்டன் ஹாஃப்மன். இரண்டாமவரைக் கவனித்து வையுங்கள். அவர் அப்பா ஜோசப் ஹாஃப்மன், அந்த நூற்றாண்டின் மாபெரும் பியானோ மேதைகளில் ஒருவர். பல கருவிகளுக்குக் காப்புரிமையும் பெற்றவர். பியானோவின் அடிச்சுரம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று பிறந்த வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர் மகன்.

அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் ஆடியோ கண்காட்சிக்கு ஏ.ஆர்.-1 வந்தது. 12 அங்குல வூஃபர். மேல் ஒலிகளுக்கு ஆல்டெக் கம்பெனியின் 8 அங்குல ஸ்பீக்கர். விலை 185 டாலர். புத்தக அலமாரித் தட்டில் வைக்கக்கூடிய உருவம். அதிலிருந்து அலமாரி உயரப் பெட்டிகள் வெட்கப்படும்படியான பேஸ்.

இதற்கு ஒரு விலை உண்டு. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த சக்தியில் நிறைய சத்தம் – மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இன்றுவரை ஸ்பீக்கர் வடிவமைப்பாளர்கள் தலைவணங்கும் இந்தக் கணக்குக்குப் பெயரே ஹாஃப்மனின் இரும்பு விதி. ஆமாம், அதே அன்டன் ஹாஃப்மன். ஏ.ஆர்.-1 முதல் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் கைவிட்டது. கிளிப்ஷ்ஹார்னுக்கு ஒரு வாட் போதுமென்றால் இதற்குப் பல மடங்கு தேவை. நல்லவேளையாக வாட்ஸ் மலிவாகிக்கொண்டிருந்தது. 1957-இல் டைனகோ கம்பெனி 60 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டாக விற்றது. அடுத்த ஆண்டே ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது. ஒரு வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் வேண்டும்! கூடத்தில் இரண்டு பூதங்களை யார் நிறுத்துவார்கள்? வில்ச்சர் ஸ்டீரியோவுக்காக இதைச் செய்யவில்லை. ஆனால் ஸ்டீரியோ வீட்டுக்குள் நுழைந்தது இந்தச் சின்னப் பெட்டிகளின் தோளில் ஏறித்தான்.

இன்றைக்கு ஏ.ஆர். குடும்பத்துப் பழைய பெட்டி ஒன்று உங்கள் முன் வந்தால் மரத்தின் பளபளப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கிரில் துணியைக் கழற்றுங்கள். இரண்டு கை விரல்களையும் கோனின் மையத்தைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். சில விநாடிகள் பிடியுங்கள். விடுங்கள். கோன் சோம்பலாக, நிதானமாக வெளியே வந்தால் பெட்டியின் அடைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. வில்ச்சரின் மொத்தக் கண்டுபிடிப்பும் அந்த ஒழுகல் வழியே வெளியேறிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் குற்றவாளி சரவுண்ட்தான். 1970-களில் வந்த ஏ.ஆர். பெட்டிகளில் நுரை விளிம்பு. அது தானே பொடிந்து கொட்டிவிடும், மாற்றியாக வேண்டும். அதற்கு முந்தைய துணி விளிம்புகள் கிழியாமல் நிற்கும். ஆனால் காற்றுப் புகாதிருக்கத் தடவிய பூச்சு காய்ந்து, துணியின் கண்கள் திறந்துகொள்ளும். பூச்சை மட்டும் புதுப்பித்தால் போதும். துணி விளிம்பைப் பிய்த்துவிட்டு ரப்பர் ஒட்டித் தருகிறேன் என்பவரிடம் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். கோனின் தொளதொளப்பு போய்விட்டால் அது வேறு ஸ்பீக்கர். உள்ளே அடைத்திருக்கும் கண்ணாடி நாரையும் அப்படியே விடுங்கள். அது வெறும் அடைசல் அல்ல. அடைபட்ட காற்றின் சூட்டை வாங்கி வாங்கிக் கொடுத்து, பெட்டியை உள்ளளவைவிடப் பெரியதாக நடந்துகொள்ள வைப்பது அதுதான். இந்தப் பெட்டிகளைச் செப்பனிட்டு வைத்திருப்பவர்கள் அவற்றை அலங்காரமாக வைப்பதில்லை. செல்லோவும் ஆர்கனும் தினமும் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பதற்குத்தான் அவை செய்யப்பட்டன.

மறுபடி கேம்பிரிட்ஜுக்கு வருவோம்.

1956-இல் வில்ச்சரின் காப்புரிமை கைக்கு வந்தது. எண் 2,775,309. அடுத்து 10 அங்குல வூஃபரோடு, விலை குறைந்த ஏ.ஆர்.-2 தயாரானது. விற்பனை ஏறியது. கம்பெனிக்குள் உறவு இறங்கியது. வில்ச்சர் வுட்ஸ்டாக்கில் தன் ஆய்வறையில் இருந்தார். தொழிற்சாலை கேம்பிரிட்ஜில், கிளாஸின் கையில். தலைவர் ஒரு ஊரில், பட்டறை வேறு மாநிலத்தில். வாத்தியாருக்கும் மாணவனுக்கும் பேச்சு தடித்தது. 1957-இல் கிளாஸ் வெளியே போனார். தனியாகப் போகவில்லை, லோவும் ஹாஃப்மனும் கூடவே எழுந்தார்கள்.

மூவரும் தங்கள் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து, அதே ஊரில், ஒரு புதுப் பலகையை மாட்டினார்கள்: கே.எல்.எச். அவர்கள் செய்யப்போவதும் அடைபட்ட காற்றுப் பெட்டியேதான், வில்ச்சரிடமே உரிமம் வாங்கி.

அதற்கு உரிமம் தர வில்ச்சரிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்தக் காப்புரிமை. மிச்சிகன் மாநிலத்தின் பியூகேனனில் எலக்ட்ரோ-வாய்ஸ் என்ற பெரிய கம்பெனி, அந்தத் தாளே செல்லாது என்று நீதிமன்றத்தில் சொல்லத் தயாரானது. அதன் வக்கீல்கள் கையில் வில்ச்சரின் காப்புரிமையைவிடப் பழைய இன்னொரு காப்புரிமை இருந்தது. அதில் கையெழுத்திட்டிருந்தவர் ஒலியியல் உலகில் எல்லோருக்கும் தெரிந்தவர்.

யார் அவர்? அடைபட்ட காற்றை வில்ச்சருக்கு முன்பே கண்டவரா?

(அடுத்த வாரம்)