புல்லட்: ஒரு திருவொற்றியூர்ப் பிரதி

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு குறிப்பேட்டை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாம் என்று யாரேனும் கூறியிருந்தால், ஐந்தாண்டுகளுக்கு முன்பு நாங்களே நகைத்திருப்போம். நாங்கள் இருவர், உடன்பிறந்தோர். மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் கணக்குப் பார்ப்பவர். இருவருக்கும் இயந்திரவியலில் முறையான பயிற்சி எதுவும் இல்லை. கால்நடை மருத்துவராயிருந்த எங்கள் தந்தையார் 1976இல் வாங்கிய புல்லட்டும், அவ்வண்டிக்கு அவர் செய்த ஒவ்வொரு பழுதுபார்ப்பையும் தேதியிட்டு எழுதிவைத்த குறிப்பேடும் எங்களுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடத் தொடங்கினோம்.

தொடக்கம் ஒரு ஊசித் தொழிற்சாலை என்றால் நம்பச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் தையல் ஊசிக்குப் பெயர்பெற்றது. அங்கு ஊசி செய்துவந்த டவுன்செண்ட் குடும்பத்தாரின் தொழிலகம் மிதிவண்டிக்கு மாறி, பின்பு கைமாறி, என்ஃபீல்டு என்னுமிடத்திலிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்ததன் வழியாக 'ராயல் என்ஃபீல்டு' என்னும் பெயரைச் சூடிக்கொண்டது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்த கொழுப்புத் தடவிய தோட்டாக்கள், அதே என்ஃபீல்டின் பெயர்தாங்கிய துப்பாக்கிக்கு உரியவை என்பது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்பெயர் நூறாண்டு கழித்து நம் ஊர்த் தெருக்களில் 'டப் டப்' என்னும் ஒலியோடு உலவியதை வரலாற்றின் குறும்பு என்றே சொல்லத் தோன்றுகிறது.

முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வந்தது. 'புல்லட்' என்னும் பெயர் 1930களின் தொடக்கத்தில் இடப்பட்டது. நாம் அறிந்த உருவத்துக்கு மூலம் 1949இல் விற்பனைக்கு வந்த 350 சி.சி. வண்டியாகும். எழுபது மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர், தொண்ணூறு மில்லிமீட்டர் வீச்சு; பின்சக்கரத்துக்கு அசையும் கவையும் சுருள்வில்லும். இந்தியாவில் அதனை இறக்குமதி செய்து விற்றது மெட்ராஸ் மோட்டார்ஸ். எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய இராணுவம் 1950களின் தொடக்கத்தில் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அதன் பயனாக 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. தொழிற்சாலைக்குத் தேர்ந்த இடம் திருவொற்றியூர். ஆசையை அறுக்கச் சொன்ன பட்டினத்தார் அடங்கிய ஊரில், இளைஞர்களின் ஆசைக்குரிய வண்டி உருவானது! 1956இல் இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டன. அவ்வாண்டின் முடிவில் எண்ணிக்கை 163. அடுத்த சில ஆண்டுகளில் அச்சுகளும் கருவிகளும் கப்பலேறி வந்தன. 1960களின் தொடக்கத்தில் வண்டியின் எல்லாப் பாகங்களும் இங்கேயே வார்க்கவும் கடையவும் பட்டன.

இனி நிகழ்ந்ததுதான் முக்கியமானது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970 அளவில் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உற்பத்தியும் நின்றது. மூலம் அழிந்தது, பிரதி நிலைத்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. ரெட்டிச்சில் பிறந்த பழைய புல்லட்டை வைத்திருந்த ஆங்கிலேயர்கள், தங்கள் வண்டிக்கு வேண்டிய பாகங்கள் பலவற்றுக்குச் சென்னையை எதிர்பார்க்கும் நிலை உருவாயிற்று. புல்லட்டை 'வெள்ளைக்காரன் வண்டியின் நகல்' என்று இளக்காரமாகக் கூறுவோர் இன்றும் உளர். ஓலைச்சுவடியோடு பழகிய எங்களால் அவ்வாறு கூற இயலாது. மூல ஏடு எதுவும் எஞ்சாத நிலையில், பெயர்த்தெழுதியவர்களின் கையால்தான் நம் இலக்கியம் நம்மிடம் வந்தது. பல பிரதிகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்குக் கிடைத்தவை அனைத்தும் பிரதிகளே.

ஆயினும் ஆலை மட்டும் ஒரு வண்டியை அறுபதாண்டுகள் உயிரோடு வைத்திருக்க இயலாது. அந்தப் பணியைச் செய்தவர் உரிமையாளர். அவரே செய்யவேண்டும் என்பது வண்டியின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்து இங்கிலாந்தில், சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி சுரண்டுவது வண்டி வைத்திருப்பவரின் ஞாயிற்றுக்கிழமை வேலையாகவே கருதப்பட்டது. அதற்கென்றே கையடக்க நூல்கள் வெளிவந்தன. அவற்றுள் பெயர்பெற்ற வரிசை பிட்மன் நிறுவனத்தாருடையது. ஆம், நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் சுருக்கெழுத்துக்குப் பெயராக விளங்கிய அதே பிட்மன்தான்!

எங்கள் தந்தையாரிடம் அத்தகைய நூல் எதுவும் இல்லை. அவருடைய ஆசான், பேருந்து நிலையத்தின் பின்புறம் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர். தந்தையார் அவரை 'பாய்' என்றும், அவர் தந்தையாரை 'டாக்டரய்யா' என்றும் அழைப்பர். மாதத்தின் பெரும்பகுதி கிராமங்களில் மாட்டுத் தொழுவங்களிலே கழியும் மனிதருக்கு, வழியில் நின்ற வண்டியைத் தாமே கிளப்பத் தெரியாவிடில் பிழைப்பில்லை. "மாட்டுக்கு நாடி பாக்கிறீங்கல்ல டாக்டரய்யா, இதுக்கும் பாருங்க" என்று அந்தப் பெரியவர் சொல்லிக்கொடுத்ததாகக் கேட்டிருக்கிறோம்.

நாடி பார்ப்பது என்பது வெறும் உவமை அன்று. பழைய புல்லட்டைக் கிளப்புவதற்கே ஒரு முறை உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு, முகப்பு விளக்கின் மேலுள்ள ஆம்ப் மீட்டரைப் பார்த்தவாறு கிக்கரை மெல்ல அழுத்தவேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்வரை மின்சாரம் காயிலுக்குச் செல்வதால் முள் கழித்தல் பக்கம் சாய்ந்திருக்கும். பிஸ்டன் உச்சியை நெருங்குகையில் பாயின்ட் திறக்கும். முள் நடுவுக்கு வரும். காலடியிலும் கிக்கர் கல்லாய் இறுகும். அங்கே நிறுத்தி, இடக்கையால் டிகம்ப்ரஷர் நெம்பைப் பிடித்து, இன்னும் ஒரு விரற்கடை கிக்கரை இறக்கி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகே முழுமூச்சாக உதைக்கவேண்டும். முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலைப் பதம்பார்த்துக்கொண்டவர்கள் அக்காலத்தில் ஊருக்கு ஒருவராவது இருந்தனர். மின்சாரம், அழுத்தம், நேரம் ஆகிய மூன்றும் எவ்வாறு இணைகின்றன என்பதை ஓட்டுபவர் நாள்தோறும் தம் காலால் படித்துக்கொண்டிருந்தார். பழுதுபார்க்கும் அறிவின் அரிச்சுவடி இதுவே.

குறிப்பேட்டில் மிகுதியும் காணப்படும் சொல் 'பாயின்ட்'. 'பாயின்ட் துடைத்தேன்', 'பாயின்ட் உப்புத்தாள் தேய்த்தேன்', 'பாயின்ட் புதிது'. திறக்கும்போது இரு முனைகளுக்கும் இடையில் பதினைந்து தவ் இடைவெளி வேண்டும். தவ் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஃபீலர் கேஜ் வீட்டில் இருந்தது. சாலையில் பயன்படுத்த அவர் சட்டைப்பையில் வைத்திருந்ததோ ஒரு திருமண அழைப்பிதழின் துண்டு! கேஜோடு ஒப்பிட்டு, அதே தடிமனுள்ள அட்டையைத் தேர்ந்து வெட்டி வைத்திருக்கிறார். மணமக்கள் யாரென்று தெரியவில்லை. துண்டில் 'நிகழும் மங்களகரமான' என்பதுவரைதான் உள்ளது.

டேப்பட் சரிபார்ப்பதற்கு அளவுகோலும் தேவையில்லை. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது சிலிண்டரின் பக்கத்திலுள்ள சிறு மூடியைக் கழற்றி, இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் புஷ்ராடை விரல்களால் சுழற்றிப் பார்க்கவேண்டும். தடையின்றிச் சுழலவேண்டும், மேலும் கீழும் அசைதல் கூடாது. இவ்வளவே விதி. 'விரலுக்குச் சரி' என்று தந்தையார் எழுதியிருக்கும் வரியைப் படித்துவிட்டு முதன்முறை நாங்கள் அம்மூடியைத் திறந்தபோது, அவருடைய விரல் எதைச் சரியென்று கொண்டது என்பதை அறிய அரைநாள் ஆயிற்று. மூடிக்கு அடியிலிருந்த கேஸ்கெட்டும் கடையில் வாங்கியதன்று. நாட்காட்டி அட்டையில் கத்தரிக்கப்பட்டது.

ஸ்பேனர் பற்றியும் ஒரு சொல். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் திருகுகளுக்கு மூலம் ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த அளவுமுறை. அதில் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. அது பற்றும் போல்ட்டின் தண்டு விட்டத்தைக் குறிக்கிறது. இதனை அறியாமல் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனைகளை மழுக்கிய பாவம் எங்களையும் சேர்ந்ததே. இரண்டு நட்டுகளை உளிவைத்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது.

தந்தையார் மறைந்த பின்பு வண்டி நான்காண்டுகள் திண்ணையில் நின்றது. பழைய வண்டிகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஒருவர் வந்து பார்த்தார். அனைத்தையும் கழற்றி, ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்தவாறே ஆக்கித் தருவதாகக் கூறினார். அவ்வாறாயின் நீக்கவேண்டியவை எவை? பின்புறம் மருந்துப் பெட்டியையும் தடுப்பூசிக்கான ஐஸ் குடுவையையும் கட்டுவதற்காக ஊர்க் கொல்லர் பற்றவைத்த இரும்புச் சட்டம், கால்வைக்கும் கம்பி ஒடிந்தபோது அவரே வைத்த ஒட்டு, நாட்காட்டி கேஸ்கெட்டு. இளையவர் உடனே, "உங்கள் பாஷையில் சொன்னால் இதெல்லாம் இடைச்செருகல்தானே அண்ணா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்களை ஒரு மாதம் உறங்கவிடவில்லை. பதிப்பாசிரியர் இடைச்செருகலை நீக்கத்தான் வேண்டும். ஆனால் எது மூலபாடம்? 1976இல் திருவொற்றியூர் வாயிலைக் கடந்த வண்டியா? அவ்வண்டியே 1949ஆம் ஆண்டு ரெட்டிச் பாடத்தின் திருத்தம் அல்லவா? மேலும், ஆலையில் இருந்த வண்டி எந்த மாட்டையும் காப்பாற்றவில்லை. சட்டம் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். புதுப்பிப்பவர் வருத்தத்தோடு விடைபெற்றார். வண்டியின் சந்தை மதிப்பு குறையும் என்று அவர் கூறியது உண்மையே.

பாயின்ட்டில்தான் எங்களுக்குள் பிணக்கு வந்தது. அதனை நீக்கிவிட்டு மின்னணு இக்னிஷன் பொருத்தவேண்டும் என்றார் இளையவர். கூடாது என்றார் இதனை எழுதுபவர். பாயின்ட்டை எடுத்துவிட்டால் அப்பாவின் குறிப்பேட்டில் பாதி பொருளற்றுப் போகும் என்பது எங்கள் மூத்த தரப்பின் வாதம். வாதத்துக்குச் சான்று தேடிக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, 2002ஆம் ஆண்டுப் பக்கத்தில் இவ்வாறு எழுதியிருக்கக் கண்டோம்: 'புது வண்டிகளில் பாயின்ட் கிடையாதாம். நமக்கும் கிடைத்தால் மாற்றிவிடலாம். முதுகு வலிக்கிறது.'

நாங்கள் போற்றியதை அவர் சுமையாகக் கருதியிருக்கிறார்! தொழுவத்தில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு, இருட்டில் சாலையோரம் குத்துக்காலிட்டு உப்புத்தாள் தேய்த்தவருக்கு அதில் அழகு ஏதும் தென்பட்டிருக்க நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை நிழலில் பாய் விரித்து அமர்ந்து செய்கின்ற எங்களுக்குத்தான் அது கலை.

ஆலையும் பின்னர் அவர் விரும்பிய வழியிலேயே சென்றது. 1990இல் பங்கு வாங்கி 1994இல் உரிமை பெற்ற ஐஷர் நிறுவனத்தின் காலத்தில், 2008 முதல் இயந்திரமும் கியர்பெட்டியும் ஒன்றான புதிய அமைப்பு வரத் தொடங்கியது. அதில் டேப்பட் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரியாகிக்கொள்ளும். இரண்டோர் ஆண்டுகளில் பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் உற்பத்தியிலிருந்து விடைபெற்றது. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை எழுந்தது. 2020ஆம் ஆண்டு மாசு விதிகளோடு கார்பரேட்டரும் போயிற்று. புது வண்டிகள் சாலையில் நிற்பது அரிது. நின்றால் உரிமையாளர் செய்யத்தக்கது பெரும்பாலும் தொலைபேசியை எடுப்பதே. இதனைக் குறையென்று கூற, அந்த 2002ஆம் ஆண்டுப் பக்கத்தைப் படித்த பின்பு எங்களுக்கு நா எழவில்லை. ஆனால் விரலால் புஷ்ராடைச் சுழற்றிச் 'சரி' என்று சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இன்று இருவர்தாம். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். பாயின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை உள்ளது.

இப்போதைக்குப் பாயின்ட் வண்டியில்தான் இருக்கிறது. இளையவர் வாங்கிவந்த மின்னணுப் பெட்டி உறை பிரிக்கப்படாமல் கருவிப்பெட்டியில் கிடக்கிறது. குறிப்பேட்டில் தந்தையார் விட்ட இடத்திலிருந்து நாங்கள் எழுதிவருகிறோம். சென்ற வாரக் குறிப்பு: 'கியர்பெட்டி கசிவு நிற்கவில்லை. கீழே தட்டு வைத்துள்ளோம். காலையில் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி எண்ணெய்.' சீல் மாற்றவேண்டும்.