விலாசம் மாறிய புழு

பாம்பனை ஒட்டியுள்ள குருசடைத் தீவில் கடல் வற்றும் நேரம் போனால், ஈர மணலில் சுருள் சுருளாக மண் குவிந்து கிடக்கும். கீழே வளை தோண்டி வாழும் ஒரு பிராணி மணலை விழுங்கி, அதிலுள்ள இரையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே தள்ளிய அடையாளம் அது. பிராணியைத் தோண்டி எடுத்தால் மருந்து நெடி அடிக்கும். வழவழவென்ற உடம்பு, கொஞ்சம் இழுத்தாலும் அறுந்துவிடும். முன்னால் மணலைத் துளைக்கும் ஒரு கூம்பு, அதையடுத்துப் பட்டை போட்டது மாதிரி ஒரு கழுத்து, பிறகு நீண்ட உடல். மூன்றே பகுதிகள். கூம்பும் கழுத்தும் சேரும் இடத்தில் வாய் ஒளிந்திருக்கும். விலங்கியல் படித்தவர்கள் பலனோகிளாசஸ் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். குருசடையில் கிடைப்பது அதன் நெருங்கிய உறவான டைகோடெரா ஃபிளாவா.

இந்த இனத்தை முதலில் விவரித்தவர் எஷ்ஷோல்ட்ஸ், ரஷ்யக் கப்பலில் பசிபிக்கைச் சுற்றிய மருத்துவர். மார்ஷல் தீவுகளில் கிடைத்ததை 1825-ல் எழுதும்போது, கடல் அட்டை வகை என்று நினைத்துவிட்டார். பிறகு வெகுகாலம் இந்தக் கூட்டம் புழுக்களோடு புழுவாகவே கிடந்தது.

1866-ல் ரஷ்யரான கோவலெவ்ஸ்கி பலனோகிளாசஸை அறுத்துப் பார்த்தார். கழுத்துக்குப் பின்னால், தொண்டையின் இரு பக்கமும் வரிசையாகத் துளைகள்! வாயில் புகும் தண்ணீர் அந்த வழியாக வெளியேறுகிறது. மீனுக்கு இருப்பது போன்ற செவுள் பிளவுகள் ஒரு புழுவுக்கு எதற்கு? அடுத்த இருபது ஆண்டு இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது.

இன்னொரு பக்கம் வேறு கதை. ஜெர்மானியரான யோஹன்னஸ் முல்லர், கடலில் மிதந்த கண்ணாடி போன்ற ஒரு லார்வாவுக்கு 1850 வாக்கில் டோர்னேரியா என்று பெயர் வைத்திருந்தார். குறு இழைகள் வளைந்து வளைந்து ஓடும் அதன் உருவத்தைப் பார்த்து, நட்சத்திர மீன் குஞ்சு என்றே நம்பினார். அது வளர்ந்தால் பலனோகிளாசஸ் ஆகும் என்று காட்டியவர் மெச்னிகோவ். பின்னாளில் நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கிய அதே ஆள். 1881-ல் அவர் இந்தப் புழுக்களையும் நட்சத்திர மீன், கடல் அட்டை வகையறாவையும் ஒரே பெருங்குடும்பத்தில் சேர்த்தார். எஷ்ஷோல்ட்ஸின் பிழை அவ்வளவு பெரிய பிழையில்லை போலிருக்கிறது.

ஆனால் மெச்னிகோவின் பேச்சு எடுபடவில்லை. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய் வர்ஜீனியா கடற்கரையில் ஆய்வு செய்த இளைஞர் வில்லியம் பேட்சன், செவுள் பிளவுகளோடு இன்னொன்றையும் பிடித்துக்கொண்டார். வாயின் மேற்கூரையிலிருந்து கூம்புக்குள் நீளும் ஒரு சிறு குழல். அதை முதுகுநாண் என்று முடிவு கட்டி, 1885-ல் இந்தப் புழுவை அரைநாணி ஆக்கி நம் கட்சியில், முதுகுநாணிகளோடு, சேர்த்தார். அவர் கையில் கிடைத்த இனத்துக்கு டோர்னேரியா பருவமே கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நட்சத்திர மீன் சாயல் அவர் கண்ணில் படவே வழியில்லை.

அந்தக் குழல் முதுகுநாண் இல்லை என்ற சந்தேகம் வலுத்துக்கொண்டே போனது. அமெரிக்க விலங்கியலாளர் லிபி ஹைமன் 1959-ல் அரைநாணிகளைப் பிரித்துத் தனித் தொகுதியாக வைத்தார். 1990-களில் டிஎன்ஏ ஒப்பீடுகள் வந்தபோது, நட்சத்திர மீன் கூட்டமே இதற்கு மிக நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. நூறு ஆண்டுக்கு மேல் காத்திருந்து ஜெயித்தது மெச்னிகோவ்தான்.

அதற்காக கோவலெவ்ஸ்கி கண்ட துளைகள் வீணாகவில்லை. டைகோடெராவின் மரபணுத் தொகுப்பு 2015-ல் வெளியானது. தொண்டைத் துளைகள் உருவாவதோடு தொடர்புள்ள ஒரு மரபணுக் கொத்து அதிலும் நம்மிலும் ஒரே மாதிரி அடுத்தடுத்து அமைந்திருக்கிறது. இன்றைய நட்சத்திர மீனுக்குத் துளைகள் இல்லை. கொத்து மட்டும் மிச்சமிருக்கிறது. துளைகள் இரு பக்கத்துக்கும் பொதுவான மூதாதையின் சொத்து. நட்சத்திர மீன் வழி அதைத் தொலைத்துவிட்டது.

வீட்டில் பழைய விலங்கியல் புத்தகம் இருந்து, அதில் அரைநாணிகள் முதுகுநாணிகளின் துணைத்தொகுதி என்று போட்டிருந்தால், பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் அந்த வரியை அடித்து, 'தனித் தொகுதி' என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள்.