சிங்கையில் வேலை, ஜொகூரில் வீடு: காப்புறுதி எதுவரை?

ஜொகூர் பாரு: பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், சம்பளத்தோடு மருத்துவக் காப்புறுதியையும் கேட்டு வைப்பது நல்லது.

வேலை பெர்மிட், எஸ் பாஸ் வைத்திருப்போருக்கு முதலாளியே காப்புறுதி எடுக்க வேண்டும் என்பது சிங்கை மனிதவள அமைச்சின் விதி. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. 2023 ஜூலை 1க்கு முன் இது 15,000 வெள்ளிதான். சாதாரணக் காய்ச்சலுக்கு கிளினிக் போகும் செலவு இந்தக் கட்டாயத்தில் சேராது. ஜொகூரில் இருக்கும் மனைவி, பிள்ளைகளும் சேர மாட்டார்கள்.

இ பாஸில் போகிறவர்களுக்கு இந்த விதியே இல்லை. பட்டதாரிப் பிள்ளைகள் நியமனக் கடிதத்தில் காப்புறுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். சிங்கை நிரந்தரவாசி அல்லாதவருக்கு மெடிஷீல்டு லைஃப் கிடையாது.

வார இறுதியில் வீட்டில் இருக்கும்போது நெஞ்சுவலி வந்தால்? சுல்தானா அமினா போன்ற அரசாங்க மருத்துவமனையில் மலேசியக் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. தனியார் மருத்துவமனை என்றால், சிங்கைக் காப்புறுதி இங்கே செல்லுமா என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிங்கை வேலை கிடைத்ததும் இங்குள்ள மெடிக்கல் கார்டை நிறுத்துகிறவர்கள் உண்டு. வேலை முடிந்தால் முதலாளியின் காப்புறுதியும் முடிந்துவிடும். அதற்குள் இனிப்பு நீர் வந்திருந்தால் புதிய கார்டு எடுப்பது சிரமம்.