கப்பலில் வந்த அரிசியும் பெருந்தோட்டப் பொருளாதாரமும்

இலங்கையின் உணவுத்தானியப் பற்றாக்குறையை மழையின்மையாலோ மக்கட்பெருக்கத்தாலோ மட்டும் விளக்க முற்படுவோர் அதன் வரலாற்று வேரைக் காணத் தவறுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் மட்டும் வரவில்லை. அவர்களுக்கான அரிசியும் கப்பலேறி வந்தது. தோட்ட நிருவாகம் அரிசியை வழங்கி, அதன் பெறுமதியைக் கூலியிற் கழித்தது. இவ்வாறு அரிசி உணவாக மட்டுமன்றிக் கூலியின் ஒரு வடிவமாகவும், தொழிலாளியைக் கடனிற் பிணிக்கும் கருவியாகவும் இயங்கிற்று. பின்னர் தேயிலையையும் இறப்பரையும் ஏற்றி அரிசியை இறக்குவதே நாட்டின் பொருளாதாரமாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் இந்நாடு உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கு பிறநாட்டு அரிசியாகும்.

1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் இவ்வமைப்பின் பலவீனம் வெளிப்பட்டது. பங்கீடு வந்தது, 'கூப்பன்' வீட்டுக்குவீடு வழங்கும் சொல்லாயிற்று.

கொரிய யுத்தகாலத்தில் உயர்ந்திருந்த இறப்பர் விலை சரிய, அரிசி விலை ஏறிற்று. 1952 டிசம்பரில் சீனாவுடன் இறப்பர்-அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு 270,000 தொன் அரிசி. இதனைச் செய்தது இடதுசாரி அரசன்று, ஐக்கிய தேசியக் கட்சி அரசே என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் அதே அரசு 1953 யூலையில் ஒரு கொத்துக் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. ஓகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார்.

அமெரிக்காவின் 480 ஆம் இலக்கப் பொதுச்சட்டம் (1954) உபரிக் கோதுமையை வெளிநாட்டு உதவியாக்கிற்று. இங்கு விளையாத தானியமொன்று பாணாகவும் ரொட்டியாகவும் அன்றாட உணவிற் புகுந்தது. எழுபதுகளின் முற்பகுதியில் உலகத் தானிய விலை எகிறப் பங்கீடு சுருங்கியபோது, பயிரிட நிலமற்ற தோட்டத் தொழிலாளரே முதலில் வீழ்ந்தனர். 1974 இல் தோட்டப்புற இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. அதே ஆண்டுகளிலேயே, இறக்குமதித் தடையின் பயனாக, யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் முன்னொருபோதும் காணாத வருவாய் பெற்றனர். 'தமிழர்' என ஒரே சொல்லால் எல்லாரையும் சுட்டும் நம்மவர் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

1979 இல் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. முத்திரையிற் குறித்த தொகையோ ஏறிய விலைவாசியோடு ஏறவில்லை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணியும் வற்றிற்று. 2022 இல் ஐக்கிய நாடுகளின் உணவு நிறுவனங்கள் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் உணவுப் பாதுகாப்பற்றிருப்பதாக மதிப்பிட்டன. அவர்களின் விகிதம் கூடுதலாயிருந்தது பெருந்தோட்டத் துறையிலேயே.