கருந்துளையைக் கணக்கிற் கண்டவர்கள்

கண்ணாற் கண்டதே உண்மை என்பர் உலகோர். ஆயினும், கண்ணாற் காண்டற்கரிய பொருளொன்று முதலிற் கணக்கிலே தோன்றி, பின் எள்ளி நகையாடப்பட்டு, ஈற்றில் உண்மையென நாட்டப்பட்ட வரலாறு வானியலில் உண்டு. அதுவே கருந்துளையின் வரலாறு.

மேல்நோக்கி எறிந்த கல் மீண்டும் நிலத்தில் வீழ்கின்றது. காற்றின் தடை இல்லையாயின், செக்கனுக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் வேகத்தில் எறியப்படுங் கல் புவியின் ஈர்ப்பைக் கடந்து சென்றுவிடும். ஞாயிற்றின் மேற்பரப்பிலிருந்து தப்புவதற்கோ செக்கனுக்கு ஏறத்தாழ 618 கிலோமீற்றர் வேகம் வேண்டும். ஒளியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர். அங்ஙனமாயின், ஒளியுந் தப்பவியலாத ஈர்ப்புடைய உடு ஒன்று இருத்தல் கூடுமா?

இவ்வினாவை 1783ஆம் ஆண்டில் ஆராய்ந்தவர், இங்கிலாந்திலே தோண்ஹில் என்னும் ஊரில் மதகுருவாயிருந்த ஜோன் மிச்செல். ஞாயிற்றின் அடர்த்தியும், அதன் விட்டத்தினும் 500 மடங்கு விட்டமும் உடைய உடுவிலிருந்து ஒளி வெளியேறாதென அவர் கணித்தார். அவ்வுடு கண்ணுக்குப் புலப்படாதெனினும், அதனைச் சுற்றிவரும் வேறோர் உடுவின் இயக்கத்தைக் கொண்டு அஃது உண்டென அறியலாம் என்றுங் கூறினார். 1796இல் பிரான்சிய அறிஞர் லப்பிளாசும் இத்தகைய கருத்தை வெளியிட்டார். ஆயினும், ஒளி துகள்களாலாயது என்ற கொள்கை வீழ்ந்து, ஒளி அலையே என்ற கொள்கை 19ஆம் நூற்றாண்டில் மேலோங்கவே, இக்கருத்து மறக்கப்பட்டது.

1915இல் ஐன்ஸ்டைன் பொதுச் சார்புக் கொள்கையை நிறுவினார். அக்காலை முதலாம் உலகப் போரில் ருசியப் போர்முனையிற் பணிபுரிந்த ஜேர்மனிய வானியலறிஞர் கார்ல் சுவாட்சைல்ட், அக்கொள்கையின் சமன்பாடுகளுக்குச் சில வாரங்களுள் ஒரு தீர்வு கண்டார். 1916 மே மாதத்தில் நோயுற்றுக் காலமானார். அத்தீர்வின்படி, ஞாயிறு முழுவதும் 3 கிலோமீற்றர் ஆரையுள்ள கோளமாக ஒடுங்கின், அதிலிருந்து ஒளி வெளியேறாது. புவியாயின் அவ்வாரை 9 மில்லிமீற்றரே. ஆனால், இயற்கையில் அத்தகைய ஒடுக்கம் நிகழுமென எவருங் கருதினாரல்லர்.

1930இல், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற 19 வயதுத் தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த உடுக்கள் ஒடுங்கி, வெண்குள்ளர் எனப்படும் சிறிய உடுக்களாய் அமைதியுறும் என்பது அந்நாளைய துணிபு. கப்பற் பயணத்தின்போதே கணக்கிட்ட சந்திரசேகர், ஓர் எல்லைக்கு மேற்பட்ட திணிவுடைய வெண்குள்ளன் நிலைத்திருத்தல் இயலாதெனக் கண்டார். அவ்வெல்லை ஞாயிற்றின் திணிவினும் ஏறத்தாழ 1.4 மடங்காகும்.

1935 ஜனவரி 11ஆந் திகதி, இலண்டன் அரச வானியற் கழகத்தில் அவர் தம் முடிபை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் அக்காலத்து வானியலாரின் தலைமகனாய் விளங்கிய ஆர்தர் எடிங்டன். அவ்விளைஞரின் கணக்கு உண்மையாயின், உடு சில கிலோமீற்றர் ஆரையளவு சுருங்கித் தன் ஒளியைத் தானே சிறைப்படுத்தும் எனச் சரியாகவே கூறிய எடிங்டன், அது நகைப்புக்கிடமான முடிபாதலின் கணக்கே பிழையென்றார். அவையோர் நகைத்தனர். கருந்துளையைத் தம் வாயாலேயே விவரித்தவர், அதனை நம்ப மறுத்தமை வியப்பேயாம்.

சந்திரசேகர் 1937இல் அமெரிக்கா சென்று, சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் வேறு துறைகளிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1939இல் ஓப்பன்ஹைமரும் சினைடரும், பேருடு தன் ஈர்ப்பாலேயே இடையறாது ஒடுங்கும் என்பதைக் கணித்துக் காட்டினர். 1967இல் ஜோன் வீலரின் சொற்பொழிவால் கருந்துளை என்னும் பெயர் பரவலாயிற்று. துளை எனப்படினும் அது வெறுமையன்று; பெருந்திணிவு சிற்றிடத்திற் செறிந்ததே அது.

1971-72ஆம் ஆண்டுகளில், அன்னம் என்னும் உடுத்தொகுதியிலே, எக்ஸ் கதிர்கள் தோன்றும் ஓரிடத்தில், நீல நிறப் பேருடு ஒன்று காணப்படாத துணையொன்றை 5.6 நாளுக்கொருமுறை சுற்றிவருதல் அறியப்பட்டது. மிச்செல் உரைத்த வழியாலேயே கருந்துளைக்குச் சான்று கிடைத்தது. 1983இல், தமது 73ஆம் வயதில், சந்திரசேகர் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 2019 ஏப்ரல் 10ஆந் திகதி, 5½ கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள மாபெருங் கருந்துளையொன்றின் நிழலும், அதனைச் சூழ்ந்த ஒளிவளையமும் படமாக வெளியிடப்பட்டன.

எடிங்டன் சிற்றறிஞரல்லர். 1919ஆம் ஆண்டு ஞாயிற்றுக் கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தேடி உலகுக்கு அளித்தவரும் அவரே. அத்தகையாரும் கணக்கின் வழியே சென்று, அதன் முடிவைக் காண மனமின்றி நின்றனர். ஒரு கூற்றின் மெய்ம்மையைக் கூறுவோனின் வயதோ, கேட்போரின் நகைப்போ தீர்மானிப்பதில்லை. அன்றைய அவையில் இளைஞரின் கணக்கில் பிழை இன்னதென எடுத்துக் காட்டியவர் எவருமிலர். ஆயினும் தீர்ப்பு மட்டும் வழங்கப்பட்டது. அதனைத் திருத்துதற்கு அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.