வைரம் போன வழி – 9: பிட் துரை வாங்கிய கல்

கோல்கொண்டா வைரத்தின் ஏகபோகத்தை உடைத்த பிரேசில் சுரங்கங்களுக்கு இந்த வாரம் போகலாம் என்று சொல்லியிருந்தேன். கப்பல் ஏறுமுன் சென்னைக் கோட்டையில் ஓர் ஆளைப் பார்த்துவிடுவோம். பெயர் தாமஸ் பிட்.

பலே கைகாரர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமலே வங்காளத்தில் வியாபாரம் செய்து, கம்பெனியே வழக்குப் போட்டு அபராதம் வாங்கிய பேர்வழி. இந்த ஆளை அடக்க முடியாது, சேர்த்துக்கொள்வதே மேல் என்று முடிவு செய்த கம்பெனி 1698-ல் அவரையே சென்னைக்குக் கவர்னராக அனுப்பியது. திருடனுக்கே சாவி கொடுத்ததுபோல என்று லண்டனில் சிலர் முணுமுணுத்திருப்பார்கள்.

அப்போது கோல்கொண்டா சுல்தான்கள் போய், ஔரங்கசீப்பின் ஆட்சி வந்துவிட்டது. ஆனால் கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர் வைரச் சுரங்கத்தில் வேலை மாறவில்லை. ஆண்கள் தோண்ட, பெண்களும் பிள்ளைகளும் மண் சுமப்பார்கள். நீர் விட்டுக் கரைத்து, வெயிலில் காயவைத்து, தானியம்போல் முறத்தில் புடைத்து, மிஞ்சும் சரளையில் கையால் தேடுவார்கள். பூமிக்கடியில் 150 கிலோமீட்டர் ஆழத்தில் இறுகி, எரிமலைக் குழம்போடு மேலே வந்த கரி அந்த ஆற்றுச் சரளைக்கு எப்படி வந்தது என்பதை முதல் வாரமே பார்த்தோம். பெரிய கல் அகப்பட்டால் அது அரசருக்கு. அகப்பட்டது வெளியே தெரிந்தால்தானே!

1701 டிசம்பர். ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி, வெங்கட செட்டி என்பவரையும் கூட்டிக்கொண்டு கவர்னரைப் பார்க்க வந்தார். மடியிலிருந்து எடுத்த கல் 305 மஞ்சாடி எடை. நம் காரட் கணக்கில் 410. விலை 2,00,000 வராகன் என்றார் ஜாம்சந்த். 30,000-க்கு மேல் பெறாது என்றார் பிட்.

சுரங்கப் பக்கத்தில் வைரம் விற்பவர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து, வாய் திறக்காமல் விலை பேசியதை பிரெஞ்சுப் பயணி டாவர்னியே எழுதியிருக்கிறார். நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் செய்வதேதான். கோட்டையில் நடந்ததோ பல சுற்று, சில மாதப் பேரம். ஜாம்சந்த் ஒரு லட்சத்துக்கு இறங்கினார், பிறகு அதற்கும் கீழே வந்தார். கடைசியில் இருவரும் பேச்சை முறித்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு விடைபெற்றார்கள். ஒரு மணி நேரம் கழித்து வேலைக்காரன் ஓடி வந்தான்: ஜாம்சந்த் வாசலில் நிற்கிறார். உள்ளே வந்தவர் கல்லின் புகழை மறுபடி பாடிவிட்டு, உங்களுக்காக 50,000 என்றார். பிட் 47,500 என்றார். 48,000-ல் படிந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 20,400 பவுண்டு.

1702-ன் தொடக்கத்தில்தான் நவாப் தாவூத் கான் சென்னையை ஏறக்குறைய மூன்று மாதம் முற்றுகையிட்டிருந்தார். வெளியே குதிரைப்படை, உள்ளே பெட்டியில் அந்தக் கல். நவாப் பணம் வாங்கிக்கொண்டு விலகினார். கல் அதே ஆண்டு மகன் ராபர்ட்டோடு லண்டன் போனது.

சுரங்க அடிமை ஒருவன் காலைக் கிழித்து அந்தக் காயத்துக்குள் கல்லை ஒளித்துக் கடத்தினான், கப்பல் தலைவன் அவனைக் கடலில் தள்ளினான் என்றெல்லாம் கதை கட்டினார்கள். கவர்னர் மிரட்டிப் பிடுங்கினார் என்றும் பேச்சு. பொறுக்க முடியாமல், 1710-ல் ஊர் திரும்பும் வழியில் நார்வேயின் பெர்கன் நகரில் உட்கார்ந்து, நடந்த பேரத்தை வரிவரியாக எழுதிவைத்தார் பிட். மேலே நான் சொன்னது அதிலிருந்துதான். யோக்கியன் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் மிரட்டிப் பிடுங்குகிறவன் 500 வராகனுக்கு இப்படி மல்லுக்கட்ட மாட்டான்.

லண்டனில் பட்டை தீட்ட இரண்டு ஆண்டு பிடித்தது. 410 காரட் 141-க்குச் சுருங்கியது. கல்லின் அழகு கூடக்கூட வாங்கும் ஆள் குறைந்தார்கள். சின்னக் கல்லுக்கு ஆயிரம் பேர் உண்டு. இதற்கு ராஜாக்கள் மட்டும்தான், அவர்களிடம் ரொக்கம் கிடையாது. கடைசியில் 1717-ல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஆர்லியன்ஸ் பிரபு 1,35,000 பவுண்டுக்கு, அதுவும் தவணையில், வாங்கினார். இன்று அது 'ரீஜண்ட்' என்ற பெயரில் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்துச் சொத்து.

அந்தப் பணத்தில் பிட் குடும்பம் நிலபுலம் வாங்கி, அரசியலில் வேரூன்றியது. பேரனும் கொள்ளுப்பேரனும் பிரதமர்கள். கம்பெனிக்குக் கடிவாளம் போட்ட 1784-ம் ஆண்டு இந்தியச் சட்டம் அந்தக் கொள்ளுப்பேரன் கொண்டுவந்ததுதான்!

என்னைக் கேட்டால், கெட்டிக்காரர் ஜாம்சந்த். விற்க முடியாத கல்லைக் கைமாற்றிவிட்டு நிம்மதியாகப் போனார். பிட் பதினைந்து ஆண்டு கவலைப்பட்டார். இன்னும் பத்தாண்டு இழுத்திருந்தால் அவர் கதையும் வேறு. 1720-களில் பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸில் தங்கம் அரித்தவர்கள் கையில் வைரம் சிக்கியது. லண்டனில் விலை ஆட்டம் கண்டது. பிரேசில் கல்லே போலி, இந்தியக் கழிவைத்தான் அனுப்புகிறார்கள் என்று வியாபாரிகள் புரளி கிளப்பினார்கள். அந்தக் கூத்து அடுத்த வாரம்.